பூட்டை இழுத்துப் பார்த்தவர்

எங்கள் அக்காவைக் கட்டிய மாமாவோடு எங்காவது போவதென்றால் பஸ் நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே கிளம்பிவிட வேண்டும். வீட்டைப் பூட்டுவார். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை எங்களோடு பேசிக்கொண்டே வருவார். அங்கே பேச்சு நின்றுபோகும். "நீங்க நடந்துட்டே இருங்க அம்மணி, நான் இந்தா வந்தர்றேன்" என்று திரும்பிப் போவார். அக்கா கைப்பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பாள். அவர் அப்படித் திரும்பிப் போய்ப் பார்த்த ஒரு நாளும் அந்தப் பூட்டு திறந்து கிடந்ததில்லை.

பூட்டு மட்டுமா? கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுக் குனிந்து மோந்து பார்ப்பார். ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு ஆட்டிப் பார்ப்பார். தலைவலி மாத்திரை வாங்கினால் அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் தேதி பார்ப்பார். மறுபடி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார். பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிடலாம்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி ஓடிவிடுவான். இவர் ஓட மாட்டார். அங்கேயே நின்று திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அந்த வேலைக்கென்றே எடுத்த பிறவி. தைத்து வருகிற பீஸை மேஜையில் விரித்துப் போட்டு, ஓட்டையோ கறையோ தையல் விட்ட இடமோ தெரிந்தால் அதன்மேல் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். அவர் சட்டைப்பையில் எப்போதும் அந்த ஸ்டிக்கர் இருக்கும். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கசிகிற குடத்தில் ஒரு அம்புக்குறி, சுவர் விரிசலில் ஒன்று. உப்பு அதிகமாகிப்போன பருப்புச் சட்டியின் மூடியில்கூட ஒருநாள் ஒட்டிவைத்தார். அக்கா அதை உரித்து அவர் நெற்றியில் ஒட்டினாள். அப்போதெல்லாம் அக்கா அப்படிச் செய்கிறவள்தான். கம்பெனியில் அவர் பார்த்துவிட்ட சரக்கு ஒன்றுகூட வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்ததில்லை என்பார்கள். அவருடைய பயத்தை வைத்து முதலாளி பங்களா கட்டினார்.

கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்று காங்கேயம் பக்கத்திலிருந்து வந்து நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. அதை அவர் நின்றுகொண்டு தூக்கியதே கிடையாது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, "இப்பக் குடு" என்று கை நீட்டுவார். கீழே விழுந்தாலும் மடியில்தானே விழும் என்று கணக்கு.

அந்தக் குழந்தை பத்தாம் மாதத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோய்விட்டது. எங்கள் பக்கம் கைக்குழந்தை போனால் கருமாதி கிடையாது. பதினாறாம் நாள் கிடையாது, படம் மாட்டுவது கிடையாது. புதைத்துவிட்டு வந்து குளித்தால் முடிந்தது. அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்று சொல்லிவிட்டுச் சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். இனிமேல் அதன் பேரை வீட்டில் சொல்லக் கூடாது என்று அம்மா அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள். பெரியவர்கள் செத்தால் அழுவதற்கு நாள் குறித்துக் கொடுக்கிற ஜனங்கள், இதற்கு ஒரு மணி நேரம்கூடக் கொடுக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

இரண்டு வருஷம் அந்த வீட்டில் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அக்கா சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். மாமா பூட்டை ஐந்து முறை இழுக்க ஆரம்பித்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஜெர்மனியில் ஒரு துணிக் கண்காட்சி. முதலாளியின் மகன் போக வேண்டியது. கடைசி நேரத்தில் அவனுக்கு அம்மை போட்டுவிட்டது. இவரை அனுப்பினார்கள். விமான நிலையம் போகிற வழியெல்லாம் பாஸ்போர்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

அவர் போன ஆறாம் நாள் காலை ஆறரை மணி இருக்கும். பால் அடுப்பில் இருந்தது. போன் அடித்தது, நான் எடுத்தேன். "கண்ணு, அக்காளைக் கூப்புடு" என்றார். அழுதுகொண்டிருந்தார். ஆனால் துக்கத்தில் அழுகிறவர் குரலாக அது இல்லை. அக்கா ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றாள். அவள் பக்கத்திலிருந்து ஒரு "உம்" கூட வரவில்லை. வைத்துவிட்டு, பொங்கி வழிந்த பாலைத் துணி எடுத்துத் துடைத்தாள்.

"என்னக்கா?"

"குடிச்சிருக்கறாரு போல."

மாமா பீர்கூடத் தொடாதவர். அது அவளுக்கும் தெரியும்.

திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். வந்த மறுநாள் கோயிலுக்குக் கிளம்பினோம். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை மட்டும் இழுத்துவிட்டு நடந்தார். "மாமா, பூட்டலீங்களா?" என்று கேட்டேன். "தாழ்ப்பாள் போட்டிருக்குதல்ல கண்ணு. சித்த நேரத்துல வந்துருவம், வா" என்றார். தெருமுனை வந்தது. அவர் நிற்கவில்லை. எனக்குத்தான் கால் நகரவில்லை. திரும்பி ஓடிப் போய்ப் பூட்டினேன். ஒருமுறை இழுத்தும் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக அவரை நினைத்துப் பயம் வந்தது.

அப்புறம் ஒன்று மாற்றி ஒன்று. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் பெண்களிடம் போய், இத்தனை வருஷம் கடுகடுவென்று பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கை கூப்பியிருக்கிறார். அந்தப் பெண்கள் நடுங்கிப் போனார்கள். "கம்பெனிய மூடப் போறீங்களாங்க?" என்று ஒருத்தி அழுதே விட்டாளாம். அடுத்த வாரம் அந்தியூர்ப் பக்கம் அவர் தோட்டத்துக்குப் போனோம். அவரைப் பெற்ற அய்யன் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தார். இவர் வரப்பில் இறங்கிப் போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கிழவர் அரிவாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பிற்பாடு அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனம்மிணி, இவனுக்கு ஏதாச்சும் பெரிய நோவு வந்துபோச்சா? மறைக்காமச் சொல்லு" என்று கேட்டார்.

அம்மா வந்து காற்றுக் கருப்பு என்றாள். மந்திரித்த கயிறு கொண்டுவந்தாள். மாமா சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் கட்டிக்கொண்டார். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நானே ஒருநாள் மாலை மொட்டைமாடியில் வைத்துக் கேட்டுவிட்டேன். ஒளிக்காமல் சொன்னார். அங்கே துணி வாங்குகிற கம்பெனியில் ஒரு பெண். கண்காட்சி முடிந்து எல்லோரும் பாட்டுப் போட்டு ஆடுகிற இடத்துக்குப் போயிருக்கிறார்கள். உன் முகத்தில் எப்போதும் ஏன் பயமாக இருக்கிறது என்று அவள் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறாள். எக்ஸ்டசி என்றார்களாம். அந்தப் போதை மாத்திரையின் எம்.டி.எம்.ஏ. என்கிற பெயரை நான் பல வருஷம் கழித்துப் பேப்பரில், அதை வைத்திருந்து பிடிபட்டவர்களைப் பற்றிய செய்தியில்தான் பார்த்தேன்.

"தலைவலி மாத்திரைக்கே ரெண்டு தடவை தேதி பாப்பீங்க. அதை எப்படி மாமா வாயில போட்டீங்க?"

"பயந்து பயந்து அலுத்துப்போச்சு கண்ணு."

பிறகு சொன்னார்: "பயம் நம்ம ஒடம்புல எந்த எடத்துல இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. அது போனதுக்கு அப்பறந்தான் தெரிஞ்சுது. இந்தா, இங்க. வயித்துக்கு மேல. இங்க காலியா இருந்துது. அப்பத்தான் அந்த ஆட்டோவைப் பாத்தேன். வெளிய நின்னு பாக்கறாப்பல. உள்ள ஒருத்தன் பயந்துபோயி உக்காந்திருக்கறான். அவன் மேல எனக்குக் கோவமே வரல கண்ணு. பாவமா இருந்துது. உடனே ஓடிப்போயி உங்கக்காளுக்குப் போன் போட்டேன்."

அந்த ஆட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் அதில் இருந்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்த மத்தியானம் அது. அக்கா மடியில் குழந்தை. நான் பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு. மாமா டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தார். மெயின் ரோடு ஏறியதும், "திருப்புங்க, ஊட்டைப் பூட்டுனனான்னு தெரியல, ஒரே நிமிசம்" என்றார். டிரைவர் திருப்பிவிட்டார். வீடு பூட்டித்தான் இருந்தது. மறுபடி ரயில்வே கேட்டுக்கு வந்தபோது கேட் போட்டுவிட்டார்கள். ஒரு சரக்கு வண்டி போயிற்று, எதிரில் இன்னொரு வண்டி. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. முன்னாலேயே வந்திருந்தால் என்று அவர் சொல்லியிருந்தால் அதுவாவது ஒரு முடிவு. வந்திருந்தாலும் பிழைத்திருக்காது என்று சொல்லியிருந்தால் அதுவும் ஒரு முடிவு. ஆட்டோ திரும்பியபோது வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. அவர் பூட்டுக்குத் திரும்புவது எங்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

"மாமா, அது மாத்திரை செஞ்ச வேலைங்க. உங்க மனசு செஞ்சதில்லை" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"இருக்கலாங் கண்ணு. ரெண்டு நாள் கழிச்சு ரூமுல கட்டிலை விட்டு எந்திரிக்கவே முடியல. ஒலகமே சாம்பலாட்டம் கெடந்துது. அதையுஞ் சொல்லோணுமல்ல. ஆனா அந்த ஆட்டோ நெசம். நான் திருப்பச் சொன்னது நெசம். ரெண்டு வருசமா அதைப் பாக்கப் பயந்துட்டு பூட்டைப் புடிச்சு இழுத்துட்டு இருந்தேன்."

அவர் சொன்னது சரியாகவும் இருந்தது, சொல்ல வைத்தது ஒரு மாத்திரையாகவும் இருந்தது. எதை நம்பி எதைத் தள்ளுவது? அதைவிட மோசமான செய்தி அடுத்து வந்தது. அந்தப் பெண் கிளம்பும்போது இன்னொரு மாத்திரையும் கொடுத்திருக்கிறாள். உன் மனைவிக்கு என்றாளாம். அதை கேமரா பிலிம் ரோல் வருகிற கறுப்பு டப்பாவில் போட்டு, சூட்கேஸில் வைத்து, விமானத்தில் கொண்டுவந்துவிட்டார். பூட்டை ஐந்து முறை இழுக்கிற மனிதர் அதைச் செய்தார்.

அக்காவிடம் கொடுத்தும் விட்டார். வற்புறுத்தவில்லை. "உனக்கு எப்பத் தோணுதோ அப்பப் போட்டுக்க. தோணலீன்னா உட்டுரு. அதைப் போட்டா மனசுல இருக்கறது அப்படியே வரும். பொய் வராது. நீ எம் மேல என்ன வெச்சிருக்கறயோ அது எனக்குத் தெரியோணும். எதுவா இருந்தாலும் சரி, தெரியோணும்." நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டு கேட்டேன். அக்கா டப்பாவை வாங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள்.

ஒரு மாதம் அது அங்கே இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து நான் இருந்ததில்லை. வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் போலீஸ் என்று நினைப்பேன். அக்கா கொஞ்ச நேரம் அதிகமாகப் படுத்திருந்தால் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்ப்பேன். கிளாசுக்குப் போனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, இந்நேரம் போட்டிருப்பாளோ என்று யோசிப்பேன். தூக்கி எறிந்துவிடலாம் என்று இரண்டு முறை டப்பாவைக் கையில் எடுத்தேன். எறிந்தால் அவர்கள் இருவருக்கும் பேசிக்கொள்ள இருக்கிற ஒரே வழியை நான் அடைத்ததாகிவிடுமோ என்று திருப்பி வைத்தேன். மாமாவோ கதவைத் திறந்துபோட்டுவிட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவரை விட்டுப் போனது முழுசாக என்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனால் அக்காவைப் பார்க்கிறபோது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் மாதிரி பார்ப்பார். அவளும் அதைப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்ததும் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்தாள். "அக்கா, வேண்டாங்க்கா" என்று கையைப் பிடித்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு மாத்திரையைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியின் ஓட்டையில் போட்டாள். எங்கள் தெருவில் பத்து நாளுக்கு ஒருக்கா தண்ணீர் வந்த காலம். குடத்திலிருந்து ஒரு சொம்பு முழுக்க மொண்டு அதன்மேல் ஊற்றினாள். இன்னொரு டம்ளர் மொண்டு, வெறும் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள்.

"நீ இங்கயே இரு" என்றாள் என்னிடம். ஹாலுக்குப் போனாள். "போட்டுட்டனுங்க" என்று அவரிடம் சொன்னது கேட்டது.

முக்கால் மணி நேரம் அங்கே சத்தமே இல்லை. நான் தரையில் உட்கார்ந்து சிலிண்டரில் சாய்ந்துகொண்டிருந்தேன். பிறகு அக்கா குழந்தையின் பேரைச் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கப்புறம் அந்தப் பேர் அந்த வீட்டில் கேட்டது. கீழ்ப்பல் ஒன்று முளைத்ததைச் சொன்னாள். அது அவள் தோளைக் கடித்ததைச் சொன்னாள். மாமாவின் சட்டைப்பைக்குள் கைவிட்டு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதையும், அதைத் தோண்டி எடுப்பதற்குள் தனக்கு உயிர் போய்விட்டதையும் சொன்னாள். ஒரு கவுனை மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருப்பதைச் சொன்னாள். அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். மாமா அழுகிற சத்தமும் வந்தது. நானும் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வெளியே வெயில் இறங்கிவிட்டது.

கடைசியில் அவர் கேட்டார். "அந்த ஆட்டோ?"

"அதை நான் மறந்துபோட்டனுங்க. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. மன்னிச்சுப் பல நாளாச்சு. சொல்லத்தான் வாய் வரல."

எட்டிப் பார்த்தேன். அவர் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். அவள் கை அவர் முடியில் இருந்தது. பேசுவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அது கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் அக்கா எவ்வளவு கெட்டிக்காரி என்று பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீடு நன்றாகத்தான் இருந்தது. அவர் தரம் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு அதே கம்பெனியில் சாம்பிள் தைக்கிற பிரிவுக்கு மாறிக்கொண்டார். மறுவருஷம் ஒரு பையன் பிறந்தான். அவனை நின்றுகொண்டே தூக்கினார், தோளில் வைத்துக்கொண்டு ஓடினார். நான்தான் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு போவேன்.

"மறுபடியும் அந்த மாத்திரை வேணும்னு தோணலீங்களா மாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆரம்பத்துல தோணும். இப்ப எதுக்குக் கண்ணு? எனக்கு என்ன தெரியோணுமோ அது தெரிஞ்சுபோச்சு. சாதாரணமா இருக்கறப்ப அவ சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். எனக்காகச் சொல்றாள்ன்னு நெனைப்பேன். அந்த மாத்திரையில பொய் வராது பாத்துக்க. அந்த ஒரு வார்த்தையிலதான் நான் நடமாடறேன்."

அக்கா தொட்டியில் ஊற்றிய சொம்புத் தண்ணீர் என் கண்முன் வந்தது. அவர் அப்படிச் சொல்வது அது ஒருமுறையோடு நிற்கவில்லை. எப்போது தனியாக அகப்பட்டாலும் சுற்றிச் சுற்றி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே வந்துவிடுவார். ஒவ்வொரு முறையும் எங்கே என் முகம் காட்டிக் கொடுத்துவிடுமோ என்று வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு, சென்னிமலை போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். முன் சீட்டில் மாமா, மடியில் பையன். பின் சீட்டில் நானும் அக்காவும். இனி அந்த வீட்டில் இருக்கப் போவதில்லை என்கிற தைரியத்தில் மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, அன்னைக்கு அதைப் போடாமயே எல்லாம் பேசிப்போட்ட. ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிரும்னு பயந்துட்டுத்தான அதைத் தொட்டியில போட்டே?"

அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒடம்புக்கு என்ன ஆனா எனக்கென்ன?" என்றாள். "பொய் வராதுன்னாரல்ல, அதுக்குத்தான் பயந்தேன். போட்டிருந்தா நெசத்தச் சொல்லியிருப்பேன்."

பஸ் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. முன்னால் மாமா லேசாகத் திரும்பி, "ஏனம்மணி, காத்து எச்சா அடிக்குதா? ஷட்டரை எறக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க. நீங்க தூங்குங்க" என்றாள் அக்கா, அவளுடைய வழக்கமான குரலில்.

அவர் பையனை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைக் கம்பியில் சாய்த்து, உடனே தூங்கிப்போனார். அவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிற மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.